அத்தான் தேடிய மலிவுச் சன்னம்

அத்தான் என் முன்னால் வந்து நின்றபோது அக்காவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். மொன்றியலுக்கு மேற்கே புவாண்ட்-கிளேரில் நான் வேலை பார்த்த விளையாட்டுப் பொருட்கடையில் அந்த நேரத்தில் கூட்டமிருக்காது. சைக்கிள் பகுதியிலிருந்து என்னை வேட்டைப் பகுதிக்கு மாற்றி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று, பெட்டிகளின் மேலிருந்த இலக்கங்களை வாய்க்குள் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அத்தான். பனித்தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். மற்றக் கையில் நாலாக மடித்த ஒரு கடதாசி.

"என்ன அத்தான், அக்காவுக்கு என்ன?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. நீ சைக்கிள் பக்கமெல்லோ?"

"மாத்திப்போட்டினம்."

அவர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னாலிருந்த தட்டுகளைப் பார்த்தார். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு கடதாசியை விரித்து மேசையில் வைத்தார். பட்டறையில் வரைபடங்களுக்குக் குறிப்பெழுதிப் பழகிய அவருடைய அச்செழுத்துப் போன்ற கையெழுத்தில், "303. சன்னம் மட்டும். நூறு. விலை குறைந்தது" என்று இருந்தது. துப்பாக்கிச் சன்னம்.

என் அக்காவின் கணவரை அறிந்தவர்களுக்குத்தான் இதில் என்ன அதிர்ச்சி என்று விளங்கும். லாசாலில் ஓர் உலோகப் பட்டறையில் இருபத்தைந்து வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்றவர். மன்னாரில் இருந்த காலத்தில் எந்த இயக்கத்திலும் சேராதவர். கோயிலில் பாட்டுப் புத்தகம் அடுக்குவதும், வருடத்துக்கொருமுறை மாதாவின் கூடாரத்துக்கு ஆணி அடிப்பதும்தான் அவருடைய வெளிவேலை. இளைப்பாறிய பிறகு சனிக்கிழமைகளில் லொங்குய்யில் இருந்த பழைய சகதொழிலாளி ஒருவரின் வீட்டுக்குப் போய்வருவார். "கராஜ் வேலைக்கு உதவி செய்யப் போறன்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அது பொய்யுமில்லை. அந்த வெள்ளைக்காரர் முதியோர் இல்லத்துக்குப் போகும் யோசனையில் தன் பொருட்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் அத்தான் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதி அட்டை எடுத்து, சட்டப்படி பதிந்து, ஒரு பழைய 303 துவக்குக்குச் சொந்தக்காரரானார். அது லொங்குய்யில்தான் பூட்டிக் கிடந்தது. இத்தனையும் நடந்து எட்டு மாதம். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது.

"அக்காவுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார்.

நான் ஏன் தலையாட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்தேன். படத்தில் அவர் பாஸ்போர்ட்டில் இருப்பதைவிடச் சந்தோஷமாக இருந்தார். கழிவு விலையில் குவித்திருந்த மூலையிலிருந்து, "30" என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். முன்னால் ஒரு புள்ளி போட்டால் முப்பதும் முந்நூற்று மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்பது என் கணக்கு.

எங்கள் ஊரில் சிறுபிள்ளைகளுக்கும் இந்தச் சொற்கள் தெரியும். முழுசாக இருப்பது ரவை. வெடித்தபின் கீழே விழும் பித்தளைக் கூடு கோது. பறந்துபோய் எதிலாவது ஏறுவது சன்னம். நாங்கள் கோது பொறுக்கி விளையாடியிருக்கிறோம். ஆனால் கோதைப் பத்திரமாகத் திரும்ப எடுத்து, கழுவி, புது வெடிமருந்தும் புதுச் சன்னமும் வைத்து மறுபடி ரவையாக்குகிற மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பதை இந்த வேலைக்கு வந்தபிறகுதான் அறிந்தேன். கடையில் ரவை வாங்குவதைவிட இது மலிவு. தன்னுடைய துவக்குக்குப் பிடித்த அளவில் செய்துகொள்ளவும் முடியும். வேட்டைக்குப் போகாமல், கடதாசி வட்டத்தில் மட்டும் சுடுகிறவர்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள் என்று மேலாளர் சொல்லித் தந்தார். பயந்த சுபாவமுள்ள, மூக்குக்கண்ணாடி போட்ட, கணக்கு வாத்தியார்கள் போன்ற மனிதர்கள்தான் அந்தத் தட்டுக்கு முன்னால் கனநேரம் நிற்பார்கள். அவர்களில் ஒருவராக அத்தானை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

வியாழக்கிழமை அவர் மறுபடி வந்தார். பெட்டியை மேசையில் வைத்து, சட்டைப் பையிலிருந்து நுண்ணளவு பார்க்கும் கருவியை எடுத்தார்.

"பிள்ளை, இது மூண்டு தௌசன்ட் குறையுது."

"எதைவிட அத்தான்?"

"வேண்டியதைவிட."

ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. தலைமயிரின் தடிப்பு. பெட்டியில் 30 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது 308. அவருக்குத் தேவை 311 அல்லது அதற்குச் சற்று மேலே. அப்படியானால் துவக்கின் பெயர் ஏன் 303 என்று கேட்டேன். குழலுக்குள் இருக்கும் முறுக்குத் தவாளிப்புகளின் மேட்டை அளந்தால் 303, பள்ளத்தை அளந்தால் அதைவிடக் கூட, சன்னம் பள்ளத்தையும் நிரப்ப வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். மென்மையான ஈயக் குண்டொன்றைக் குழலுக்குள்ளால் தள்ளி எடுத்து, அதில் பதிந்த அடையாளத்தைத் தானே அளந்து பார்த்தாராம். பெயரில் ஒரு எண், உள்ளே வேறொரு எண், பெட்டியில் இன்னொரு எண். எனக்குத் தலை சுற்றியது. நான் பிழையாகக் கொடுத்ததைப் போட்டுச் சுட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்டும் நடவாது. ஆனா எங்க போகுமெண்டு சொல்லேலாது."

அந்த வசனத்தை அவர் சொன்ன விதம் எனக்குள் எங்கேயோ தட்டியது. ஆனால் அப்போது அதைத் தொடரவில்லை. பெட்டியை மாற்றிக் கொடுக்கும் படிவத்தை நிரப்பினேன்.

அதற்குப் பிறகு சரியான சன்னத்தைத் தேடுவதில் நானும் சேர்ந்துகொண்டேன். 308இல் மலிவு விலைப் பெட்டிகள் மலைபோல இருந்தன. 311இல் வந்தவை கொஞ்சம். இளைப்பாறியவருடைய கைக்கு எட்டுபவை அதிலும் கொஞ்சம். கடைசியில் மூன்று வகை தேறின. ஒன்று, இலக்குச் சுடுவதற்கென்றே செய்த விலைகூடியது. அதன் பின்பக்கம் படகின் வால்போல் ஒடுங்கியிருக்கும். அடுத்தது மான் படம் போட்ட பெட்டி, வேட்டைக்காரர் வாங்குவது, அடி தட்டையானது, நடுத்தர விலை. மூன்றாவது பச்சைப் பூச்சுப் பூசிய வெறும் ஈயம். எல்லாவற்றிலும் மலிவு அதுதான். மூன்றையும் வாங்கிப்போய், ஒவ்வொன்றாகச் சின்னத் தராசில் நிறுத்து, ஒரே நிறையுள்ளவற்றைப் பிரித்து, நண்பரின் கராஜில் வைத்து ரவையாக்கினார். "பட்டறையில இப்பிடி வேலை செய்திருந்தால் என்னை மேனேஜராக்கியிருப்பாங்கள்" என்று சிரித்தார்.

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், சோளத் தோட்டங்களைத் தாண்டி, ஒரு சங்கத்தின் சுடுதிடல். எங்கள் காதுகளுக்கு மூடிகள் தந்தார்கள். முதல் வெடிக்கு நான் குந்திவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த கிழவர் தன் ஆசனத்தை எனக்குத் தள்ளிவிட்டார். அத்தான் ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்து சுட்டார். சுடுவதற்கு முன் அவருடைய முகம் பூசையில் நற்கருணை வாங்கிவிட்டுத் தன் வாங்கிலுக்குத் திரும்பும்போது இருக்கும் முகமாக இருந்தது. திடலில் எல்லாரும் நிறுத்திச் சிவப்பு விளக்கு எரிந்ததும் நூறு மீற்றர் நடந்துபோய்க் கடதாசியைப் பார்த்தோம். விலைகூடிய சன்னம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறியிருந்தது. பச்சை ஈயத்தில் இரண்டு, கடதாசியிலேயே படவில்லை. மான் பெட்டிச் சன்னங்கள் ஐந்தையும் என் உள்ளங்கையால் மூடலாம்.

"பழைய குழல் பிள்ளை. உள்ளுக்குத் தேஞ்சுபோச்சு. வால் ஒடுங்கினது அதுக்குள்ள ஒழுங்கா இராது. அடி தட்டை எண்டால் பிடிச்சுக்கொண்டு போகும்."

"விலை கூடினது நல்லதெண்டெல்லோ எல்லாரும் சொல்லுகினம்?"

"ஆருக்கு நல்லது எண்டு சொல்லுகினமோ?"

காருக்குத் திரும்பும்போது கேட்டேன். "ஏன் அத்தான் இது? உங்களுக்கு, எங்களுக்கு, ஏன் இது?"

அவர் துவக்கைப் பெட்டிக்குள் வைத்தார். துவக்குப் பெட்டியைப் பூட்டினார், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "எனக்கே விளங்கேல்லைப் பிள்ளை. விளங்கினால் விட்டிடுவனோ தெரியாது" என்றார்.

இந்த இடத்தில் என் சின்னண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஐந்து வயது, அவனுக்கு ஒன்பது, அக்காவுக்குப் பத்தொன்பது. சண்டைக்குப் பயந்து ஊரே ஒரு கோயில் பாடசாலைக்குள் தங்கியிருந்தது. விடியற்காலை, அக்காவுக்குப் பக்கத்தில் படுத்திருந்த அவனுடைய கழுத்தில் ஒரு சன்னம் பட்டு அவன் அங்கேயே இறந்தான். அருகில் சண்டையே இல்லை. எங்கோ தூரத்தில் யாரோ எதையோ நோக்கிச் சுட்டது. எந்தப் பக்கத்தார் என்றுகூடத் தெரியாது. எனக்கு அதெல்லாம் பின்னால் சொல்லக் கேட்ட கதைதான். அக்காவுக்கு அப்படியல்ல. மொன்றியலுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும், கோடையில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை நடக்கிற நாட்களில் யன்னல்களை அடைத்துவிட்டுக் குளியலறைக்குள் செபமாலையோடு இருப்பாள். அந்த அக்காவின் வீட்டுக்காரருக்குத்தான் நான் சன்னம் விற்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோன ரோல்ஸ் பலகாரத் தட்டுகளைத் திரும்ப வைக்க அக்கா காரின் பின்கதவைத் திறந்திருக்கிறாள். கம்பளிக்குக் கீழே சின்னதாக ஒரு பெட்டி, தூக்கினால் கல்லுப்போலப் பாரம். மேலே மான் படம். பக்கத்தில் என் கடையின் விலைச் சீட்டு. அவள் கத்தவில்லை, அத்தானிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. வீட்டுக்குப் போய், ஒரு பையில் உடுப்பு எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து லாசாலில் என் குடியிருப்புக்கு வந்துவிட்டாள்.

கதவைத் திறந்ததும் பெட்டியை நீட்டினாள். "எடி, இது நீயோ வித்தனி?"

"ஓம் அக்கா."

"எத்தினை?"

"நாலைஞ்சு பெட்டி."

"ஆரைச் சுடுறதுக்கெண்டு கேட்டனியோ?"

"கடதாசியை, அக்கா. வெறும் கடதாசியை."

சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலாக, நான் கேட்டேயிராத ஒன்றைச் சொன்னாள். அந்தப் பாடசாலையில் எங்களுக்கு இடம் பிடித்துத் தந்தவர் அத்தான். அப்போது அவர் பக்கத்துத் தெருப் பொடியன், கலியாணப் பேச்சுக்கூட இல்லை. மற்ற வகுப்பறைகளுக்குத் தகரம், இதற்குக் கல்லுச் சுவர், "இதுக்குள்ள படுங்கோ, பயமில்லை" என்று சொல்லி, எங்கள் பாய்களைத் தானே விரித்தாராம். சன்னம் சுவரால் வரவில்லை. யன்னலால் வந்தது.

"பேந்து ஆறு வருசம் கழிச்சு அவரைக் கட்டினன். ஒரு நாளும் அதைப் பற்றி நாங்கள் கதைச்சதில்லை. கதைக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன். இப்ப இவர் காருக்குள்ள சன்னம் வச்சுக்கொண்டு பூசைக்கு வாறார்."

எனக்கு எதை எதோடு சேர்ப்பதென்றே தெரியவில்லை. இது குற்றவுணர்ச்சியா, பைத்தியமா, வெறும் பொழுதுபோக்கா? அத்தானைக் காட்டிக்கொடுத்துவிட்டேனா, அல்லது இத்தனை நாள் அக்காவைத்தான் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேனா?

அக்கா என் வீட்டில் இரண்டு கிழமை இருந்தாள். எங்களுக்குச் சமைத்தாள், என் மகளின் தலையை இழுத்துப் பின்னினாள், அத்தானின் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம், "நீ வேலையை விட வேண்டாம், ஆனா என்னோட இனி எதையும் மறைக்காதை" என்றாள். அந்தக் குரலில் மன்னிப்பு இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடையில் ஒவ்வொரு முறையும் மான் பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது படம் கீழே இருக்கும்படி திருப்பி வைத்தேன். அத்தான் முப்பது வருடக் கலியாணத்தைக் கடதாசி ஓட்டைகளுக்காகத் தொலைத்துவிடுவாரோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவர் வந்தார். மேசையில் அக்காவுக்கு எதிரே இருந்தார். சவரம் செய்த முகத்தில் இரண்டு இடத்தில் வெட்டுக்காயம்.

"நான் விக்கிறன். ஆள் பார்த்திட்டன்" என்றார்.

"ஏன் வேண்டினனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை."

"கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது."

"விக்க வேண்டாம். முதல் அந்த இடத்தை எனக்குக் காட்டுங்கோ."

அடுத்த சனிக்கிழமை மூவரும் போனோம். அக்கா சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்தாள். காது மூடியை அவள் வாங்கவில்லை. சங்கத்தார் போட்டேயாக வேண்டும் என்றதும், காரைவிட்டு இறங்காமல் இருந்தாள். அத்தான் ஐந்து சுட்டார். எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் கார்க் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய தோள் ஒருமுறை தூக்கி அடங்கியது. எல்லாரும் துவக்குகளை வைத்துச் சிவப்பு விளக்குப் போட்டபின் இறங்கி வந்து, நேராக நடந்தாள். கடதாசியை அவள் பார்க்கவேயில்லை. அதைத் தாண்டிப் பின்னாலிருந்த மண் அணைக்குப் போனாள். இரண்டு ஆள் உயரத்துக்குக் குவித்த மண். அதில் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டைகள்.

"எல்லாம் இதுக்குள்ளயோ?"

"ஓம்."

"ஒண்டுகூட அங்கால போகாதோ?"

"போகாது. போக விடமாட்டன்."

அக்கா அணையின் ஓரத்தால் சுற்றி, பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே காய்ந்த புல், ஒரு வேலி, தூரத்தில் ஒரு கொட்டகை. கொட்டகையில் ஆரும் இருக்கினமோ என்று கேட்டாள். இல்லை, அது சங்கத்தின் சாமான் அறை என்றார் அத்தான். வேலி வரை நடந்துபோய்த் திரும்பி வந்து, "வாங்கோ, குளிருது" என்றாள். அன்றைக்கே என் வீட்டில் இருந்த பையை எடுத்துக்கொண்டு அவரோடு போய்விட்டாள்.

என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. மன்னிப்புக் கேட்டதாகவோ கொடுத்ததாகவோ தெரியவில்லை. அதன் பிறகு ஐந்து வருடம் அத்தான் மாதத்துக்கு ஒருமுறை திடலுக்குப் போனார். அக்கா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள், கூடப் போகவில்லை. நான் வேறு வேலைக்கு மாறினேன். இரு வீட்டிலும் அதைப்பற்றிப் பேச்சில்லை.

போன குளிர்காலத்தில் அத்தான் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அடக்கத்துக்கு லொங்குய்யிலிருந்து அந்தப் பழைய நண்பர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னார்: சின்ன வயதில் தகப்பனோடு காட்டுவாத்து வேட்டைக்குப் போன ஞாபகத்துக்காகத்தான் சுட வந்ததாக உங்கள் அத்தான் சொல்வார், என்று. நான் தலையாட்டினேன். அத்தானின் தகப்பன் வலை பின்னியவர், துவக்கைத் தொட்டவரே அல்ல. ஏன் அந்த மனிதரிடம் அப்படி ஒரு கதை சொன்னார்? உண்மையைச் சொல்ல வெட்கமா, அல்லது அந்தக் கதை அவருக்கு வேண்டியிருந்ததா? கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

துவக்கை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அனுமதி உள்ளவருக்கு விற்கலாம், பொலிசிடம் ஒப்படைக்கலாம், யாருக்காவது கொடுக்கலாம். ரொறன்ரோவிலிருந்து வந்த பிள்ளைகள், "பொலிசுக்குக் குடுத்திட்டு அலுவலை முடியுங்கோ அம்மா" என்றார்கள். சங்கத்தில் இரண்டு பேர் வாங்கத் தயாராக இருந்தார்கள். அக்கா எல்லாருக்கும் "பேந்து சொல்லுறன்" என்றாள். பிறகு ஒருநாள் என்னை அழைத்து, பாதுகாப்பு வகுப்பு எங்கே நடக்கிறது, பிரெஞ்சிலா ஆங்கிலத்திலா சுலபம் என்று கேட்டாள்.

அறுபதைத் தொட்ட என் அக்கா, வாணவேடிக்கைக்குக் குளியலறையில் ஒளிந்தவள், பதினைந்து வருடம் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகமொன்றின் சமையலறையில் பிள்ளைகளிடம் பழகிய பிரெஞ்சோடு வகுப்புக்குப் போனாள். என் மகள் இருந்து புத்தகத்தைச் சொல்லிக் கொடுத்தாள். குழலின் திசை, பூட்டு, வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை எல்லாவற்றையும் செபம் போலப் பாடமாக்கினாள். செயல்முறைச் சோதனையில் முதல் படியிலேயே பாடம் மறந்துவிட்டதாம். மேற்பார்த்தவர் தண்ணீர் கொடுத்து மறுபடி செய்யச் சொன்னாராம். சித்தியடைந்தாள். அட்டை தபாலில் வந்தது.

இந்த வசந்தத்தில் துவக்கை எடுத்துவர லொங்குய்க்கு அவளோடு போனேன். அந்த வீட்டில் இப்போது இருக்கிற நண்பரின் மகன் பெட்டியைத் திறந்து காட்டி, ஒருமுறை திடலுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்க்க விருப்பமா என்று மரியாதைக்குக் கேட்டான்.

"நோன், மெர்சி" என்று மறுத்தாள் அக்கா. படிப்பித்தபடியே அது வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தாள், ஒருமுறை, இன்னொருமுறை. பூட்டைப் போட்டாள்.

பாலத்தில் வாகன நெரிசல். கீழே ஆற்றில் பனிக்கட்டிகள் உடைந்து போய்க்கொண்டிருந்தன. கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். "சுடவும் மாட்டாய், விக்கவும் மாட்டாய். பிறகு ஏனக்கா இது உனக்கு?"

"இது என்னட்ட இருக்கும் வரைக்கும் இது எங்க கிடக்குதெண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு அது விளங்கியதுபோல இருந்தது. அடுத்த வெளியேறும் வழி வருவதற்குள் மறுபடி விளங்காமல் போய்விட்டது.